பக்கத்துக் காட்டுத் தண்ணி

ரெண்டை எடுத்துக்கொள்ளுங்கள்.
அதை அதாலேயே பெருக்கினால் நாலு.
நாலை நாலால், பதினாறு.
இப்படி இருபது தடவை.
கடைசியில்
மொய்ப்பணத்துக்கு வைக்கிற மாதிரி
மேலே ஒரு ஒன்று.

மூன்று லட்சத்துப் பதினையாயிரத்து
அறுநூற்று ஐம்பத்து மூன்று இலக்கம்.
எங்கள் ஆபீஸ் பேரேட்டில்
வரிக்கு நாற்பது, பக்கத்துக்கு முப்பத்திரண்டு வரி என்றால்
இருநூற்று நாற்பத்தேழு பக்கம் பிடிக்கும்.
எழுதாமலே சிலது தெரியும்:
ஏழில் முடியும்.
ஒன்பது ஒன்பதாகத் தள்ளினால் எட்டு மிஞ்சும்.
பாதியாகாது.
திருச்செங்கோட்டு மலைமேல்
பாதிக்குப் பாதியாய் நிற்கிறவருக்கு நேர் கீழே
சங்ககிரி ரோட்டில், போர்வெல் ஆபீசில்
பில் போட்டுக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

பகா எண்ணும் இல்லை அது.
மூன்றை உள்ளே விட்டுப் பார்த்திருக்கிறார்கள்,
வர்க்கத்தின் மேல் வர்க்கமாக
பத்து லட்சத்து நாற்பத்தெட்டாயிரத்து
ஐந்நூற்று எழுபத்தைந்து தடவை.
பகா எண் என்றால்
ஒன்று குறைவாக வந்து நிற்க வேண்டும்.
நிற்கவில்லை.
ஆக, உடையும்.
எங்கே என்றுதான் ஒருத்தருக்கும் தெரியாது.

உள்ளங்கையில் தேங்காயை எழுப்பிக் காட்டி
வையாபுரியும் சொல்வார், தண்ணி இருக்குதுன்னு.
அது நம்பிக்கை, ரெண்டாயிரம் ரூபாய்.
இது நிரூபணம்.
ஆழம் கேட்டால் ரெண்டும் வாய் திறக்காது.

எங்கள் வண்டிக்கு ராடு இருபது அடி.
என் ராடு
நாற்பத்தொரு லட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரத்து முந்நூற்று நாலு.
உள்ளே எந்த வகுத்தி ஒளிந்திருந்தாலும்
இதன் மடங்குக்கு ஒன்று கூடத்தான் இருக்கும்.
மற்றதெல்லாம் பாறை, தொடவே வேண்டாம்.
ராத்திரி கம்ப்யூட்டரை அணைக்காமல் போவேன்.
அது ஒவ்வொரு ராடாக இறக்கி
ரெண்டை இருபது தடவை வர்க்கமாக்கி
மீதி எடுத்து
ஒன்று கூட்டி
சுழி வருகிறதா என்று பார்க்கும்.
கரண்டு பில்லைப் பார்த்த முதலாளி
"ஏம்மா கலாமணி, ராத்திரியில ஃபேன் ஓடுதா?" என்றார்.
ஓடுதுங்க என்றேன்.

ஐப்பசி மழையில் கரண்டு போய் வந்த ஒரு காலை
மறுபடி ஓட்டிவிட்டுத் திரும்பினேன்.
சுழி.
ஏழாயிரத்து ஐம்பத்திரண்டு கோடியே
ஐம்பத்தொரு லட்சத்து இருபத்து நாலாயிரத்து
அறுநூற்று ஒன்பது.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும்.
சத்தீஸ்கரில் வண்டியோடு இருந்த அர்த்தநாரிக்குப் போட்டேன்.
கம்ப்ரஸர் இரைச்சலுக்குள்ளிருந்து
"எத்தன அடியிலீங்க?" என்றான்.
எண்ணைச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும்.
"அவ்வளவு ஆழத்துக்கு நம்மகிட்ட ராடு இல்லீங்களே."

டீ ஆறி ஆடை கட்டின பிறகுதான் கண்ணில் பட்டது.
இருபது என்று அடிக்க வேண்டிய இடத்தில்
பத்தொன்பது.
ராடும் தானாகப் பாதியாகியிருந்தது.
பத்தொன்பது தடவையோடு நின்ற எண் வேறு,
இதன் தங்கை.
அதன் வகுத்தியை
நான் பிறக்கும் முன்பே யாரோ கண்டு
குறித்தும் வைத்துவிட்டார்கள்.

பக்கத்துக் காட்டுத் தண்ணி.
இருந்தாலும் தண்ணிதான்.
இன்னொரு தடவை வகுத்துப் பார்த்தேன்,
சொட்டு மீதியில்லை.
அன்றைக்குப் பூரா
டீசல் ரசீதுகளைக் குத்தூசியில் கோக்கும்போது
அறுநூற்று ஒன்பது, அறுநூற்று ஒன்பது
என்றுகொண்டிருந்தது வாய்.

சாயங்காலம் அர்த்தநாரி கூப்பிட்டான்.
ஆயிரத்து இருநூறு அடி, வெறும் புழுதி,
நிறுத்தீரலாமுங்களா?
நிறுத்தச் சொல்லிவிட்டு பில் போட்டேன்.
எங்கள் தொழிலில்
வறண்ட குழிக்கும் அடிக்கு இவ்வளவு என்று உண்டு.

பிறகு பத்தொன்பதை அழித்து
இருபது என்று அடித்தேன்.
எந்த ராடில் விட்டேன் என்று
குறித்து வைக்கவில்லை.
ஒன்றாம் ராடு.